மடக்காத உதை

கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் மதிலுக்கும் பெருவாயல் ஏரியின் கரைக்கும் நடுவே, இருவர் தோள் உரசாமல் சேர்ந்து நடக்க முடியாத ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தின் பாதியில் ஒரு மதகு உண்டு. அந்த மதகின் கட்டைச்சுவரில் நாள்தோறும் காலை ஆறு மணிக்குத் தணிகாசலம் வந்து அமர்ந்து, எதிர்ச்சுவரைத் தொடும்படி தன் இரண்டு கால்களையும் நீட்டிக்கொள்வான். கேட்பவர்களே, இந்தக் கதை அந்த நீட்டிய காலில்தான் தொடங்குகிறது. ஆகவே முதலில் அந்தக் காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கால்களில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தம் அவனுடையது; கீழத்தெருவிலிருந்து முதல் ஷிப்டுக்குப் போகும் நாற்பத்திரண்டு பெண்களின் அடையாள அட்டையிலும் அவன் கையெழுத்து இருந்தது. நீட்டிய காலைத் தாண்டிப் போகக் கூடாது என்பது அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் சொல்லித்தரப்பட்ட முறை. ஆகவே நாற்பத்திரண்டு பெண்களும் சோற்றுப் பைகளோடு அவன் முன்னே வரிசையாக நின்று, “அண்ணே, கொஞ்சம் காலை மடக்குங்கண்ணே” என்பார்கள். அவன் கைப்பேசியைப் பார்ப்பான். ஏரியைப் பார்ப்பான். ஒருத்தியிடம் நேற்று ஏன் ஓவர்டைமுக்கு வரவில்லை என்பான், இன்னொருத்தியிடம் தலையில் இருப்பது என்ன பூ என்பான். பிறகு, ஏதோ வரம் தருகிறவனைப் போல, ஒரு காலை மட்டும் அரையடி இழுத்துக்கொள்வான். ஆறரைக்குத் தொழிற்சாலைக் கதவு மூடப்படும். அதற்குள் போகாதவர் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு விழும். நான்கு கோடு விழுந்தால் அட்டை போய்விடும். நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர்.

இதை ஒரு கொடுமை என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. “தணிகாசலம் வெளாட்டுப் பிள்ளை” என்றுதான் சொன்னார்கள். ஐம்பது வயதுப் பிள்ளை.

செங்கமலத்துக்கு மூன்று கோடுகள் விழுந்திருந்தன. அவளுக்கு வயது முப்பத்தெட்டு; காரின் நரம்பு மண்டலம் போன்ற வயர்க் கட்டுகளை நிறம் பிரித்து முடிச்சிடும் வேலையில் பதினோரு ஆண்டுகள் இருந்தவள்; முதுகெலும்பு நழுவிப் படுத்திருக்கும் கணவனையும் சேர்த்து அந்த வீட்டின் உலை கொதித்தது அவள் விரல்களால்தான். நாற்பத்திரண்டு பேரில் தணிகாசலத்திடம் மிகப் பணிவாகக் கேட்கிறவளும் அவளே. குனிந்து குனிந்து, தன் கழுத்துக்கு நிமிரவே தெரியாது என்று அவள் நம்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வந்தது அந்தக் காலத்தில்தான். தொழிற்சாலையின் கொரிய மேலாளர்கள், பெண் தொழிலாளர்களின் நலனுக்காகத் தங்கள் நாட்டுத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ கற்றுத்தரப்படும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் என்றும், முட்டை பப்ஸும் தேநீரும் உண்டு என்றும் அதில் இருந்தது. பெண்கள் பப்ஸுக்காகப் போனார்கள். கற்றுத்தர வந்தவள் ஆவடியைச் சேர்ந்த ரெபேக்கா, வயது இருபத்துமூன்று, இடுப்பில் கறுப்புக் கச்சை. அவள் இவர்களை அக்கா என்றாள்; இவர்கள் அவளை மாஸ்டர் என்றார்கள்; இரு தரப்பும் இதில் ஒரு கூச்சமும் படவில்லை.

“டே-ன்னா கால். குவான்-னா மூடுன கை. டோ-ன்னா வழி” என்றாள் ரெபேக்கா.

எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் நூர்ஜகான் கையை உயர்த்தினாள். “எங்க வழியில தினம் ஒரு காலு இருக்குது மாஸ்டர். அதுக்கு என்ன பண்றது?”

கூடமே சிரித்தது. ரெபேக்கா சிரிக்கவில்லை. “முதல்ல நிமிர்ந்து நில்லுங்க” என்றாள்.

முதல் பாடம் வணக்கம். நேராக நின்று, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, இடுப்பிலிருந்து குனிய வேண்டும். எதிரே நிற்பவரும் அதே நேரத்தில் அதே அளவு குனிய வேண்டும். எஜமானுக்கு ஒரு குனிவு, எளியவனுக்கு ஒரு குனிவு என்று அதில் இல்லை. இரண்டாவது பாடம் முன்னுதை. முழங்காலை உயர்த்து, காலை நீட்டி, விரல்களை மேலே வளைத்து, பாதத்தின் முன்மேட்டால் உதை, நீட்டிய காலை மடக்கு, தரையில் வை. ஹனா, துல், செத், நெத் என்று கொரிய மொழியில் ஒன்று முதல் நான்குவரை எண்ண வேண்டும். வாய்விட்டுக் கத்த வேண்டும். கத்தச் சொன்னபோது நாற்பத்திரண்டு பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஏனெனில் பிரசவ அறைக்கு வெளியே அவர்கள் ஒருநாளும் கத்தியதில்லை.

ஆனால் உதைதான் வரவில்லை. ஒருத்தி பஞ்சு அட்டையைப் பிடிக்க, மற்றவள் உதைப்பாள். கால் வழுக்கி, பிடித்தவளின் கையிலோ தோளிலோ பட்டுவிடும். உடனே உதைத்தவள் பதறி, கால் பட்ட இடத்தைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொள்வாள். நம்மில் யார் அப்படிச் செய்யாதவர்? மனிதர் மேல் தெரியாமல் கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். கூடம் முழுக்க உதையும் ஒற்றலும், உதையும் ஒற்றலும்.

“அக்கா, உதைக்கிறீங்களா, பூஜை பண்றீங்களா?” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள் ரெபேக்கா.

எல்லோரையும்விட அதிகம் ஒற்றிக்கொண்டவள் செங்கமலம். அவளிடம் இன்னொரு குறையும் இருந்தது. உதைத்ததும் பயத்தில் காலைத் தொப்பென்று கீழே போட்டுவிடுவாள். மூன்றாவது எண்ணுக்கான மடக்கல் அவளிடம் வரவே இல்லை. ரெபேக்கா அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “பாருங்கக்கா, நீட்டுன காலை இப்படி யாரும் புடிச்சிக்கலாம். மடக்கி எடுத்தாத்தான் அந்த உதை உங்களுக்குச் சொந்தம். வெளிய விட்டுட்டு வந்துடாதீங்க.” செங்கமலம் தலையாட்டினாள், மறுபடியும் போட்டாள்.

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஏரியின் பனி இன்னும் சந்தில் நின்றுகொண்டிருந்த ஆறு இருபத்திரண்டுக்கு, வழியில் செங்கமலம் மட்டும் மிச்சமிருந்தாள். கணவனுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தவள். மற்றவர்கள் போயாகிவிட்டது.

“அண்ணே, காலை மடக்குங்கண்ணே. மூணு கோடு ஆயிடுச்சிண்ணே.”

“நாலாச்சுன்னா பார்த்துக்கலாம்” என்ற தணிகாசலம், அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த, வகுப்பில் கொடுத்த வெள்ளைக் கச்சையைக் கால் கட்டைவிரலால் இழுத்தெடுத்தான். “இது இன்னாது, கயிறு? மாட்டுக்கா, உனக்கா?”

“குடுத்துடுங்கண்ணே.”

“உதைக்கக் கத்துக்குறீங்களாமே. எங்க, உதைச்சிக் காட்டு.” அவன் எழுந்து, சந்தை மார்பால் அடைத்து நின்று, கச்சையைச் சுழற்றினான்.

செங்கமலம் சோற்றுப் பையைத் தரையில் வைத்தாள். நிமிர்ந்து நின்றாள், தன் கழுத்துக்கு அது முடியும் என்பதில் அவளுக்கே வியப்பாக இருந்தது. கைகளைப் பக்கத்தில் வைத்து வணங்கினாள். அவன் அதைக் கெஞ்சல் என்று எண்ணிச் சிரித்தான். அடுத்த கணம், ஏரியிலிருந்த நாரைகள் அத்தனையும் எழும்பும்படி ஒரு கத்தல் கேட்டது. தணிகாசலம் மதகுக் கால்வாயில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்திருந்தான். அவள் கச்சையைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். ஆறு இருபத்தொன்பதுக்கு உள்ளே நுழைந்தாள். அந்த அவசரத்தில் வழக்கம்போல் மடக்க மறந்திருந்தாள். கால் தரைக்கு வந்தது. உதை வரவில்லை. அது சந்தின் நடுவில், ஆண்மகன் ஒருவனின் மார்பு உயரத்தில், அங்கேயே நின்றுவிட்டது.

தணிகாசலம் சேறு வடிய மேலேறி, அதே இடத்தில் கால் வைத்தான். அதே உதை அதே மார்பில் விழுந்தது. மீண்டும் ஏறினான்; மீண்டும் விழுந்தான். நான்காவது முறை அவன் எதிர்க்கரையில் ஏறி, ஏரியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்து வந்த பால்காரர் முனிரத்தினம் முதலில் சைக்கிளோடு விழுந்தார். எழுந்தவர், தினமும் அந்த இடத்தில் செய்வதுபோல் வண்டியை நிறுத்தி, நிமிர்ந்து, அக்கரைக் கோயிலில் இருக்கும் அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார், ஒன்றும் ஆகவில்லை. மாலை மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து வந்த நூர்ஜகான், எப்போதும்போல் கழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கப் பார்த்தாள். அது அவளை உதைக்கவில்லை, வழியும் விடவில்லை, குறுக்கே கட்டிய கம்பைப் போல நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை செய்வதுபோல் வணங்கினாள், கடந்து போனாள். ஊருக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி முட்டுகிறவனை அது உதைக்கும். கூனிக் குறுகி வருகிறவரை நிறுத்தி வைக்கும். நிமிர்ந்து நின்று வணங்குகிறவருக்கு மட்டும் வழி விடும். கூனுவது வேறு, வணங்குவது வேறு என்பதை எத்தனை நீதி நூல்களில் எழுதி வைத்தோம்! காற்றில் நின்ற ஓர் உதை அதை ஒரே நாளில் கற்றுக்கொடுத்தது.

ஊர் அதைத் தன் அன்றாடத்துக்குள் சேர்த்துக்கொண்ட விதம் இதுதான். மறுநாளே யாரோ அதன் மேல் ஒரு வேப்பிலைக் கொத்தை மாட்டினார்கள், வெள்ளிக்கிழமை சாமந்திச் சரம் ஏறியது, மாலை வெயிலில் கரிச்சான் குருவி ஒன்று வந்து வெறும் காற்றின்மேல் அமர்ந்து வாலை ஆட்டியது, ஈரத் துண்டைக் காயப்போட வாகாக இருக்கிறது என்று மதகில் குளிப்பவர்கள் கண்டுகொண்டார்கள். ஊராட்சி எழுத்தர் இதை ஆக்கிரமிப்பு என்று எழுதுவதா பொதுச்சொத்து என்று எழுதுவதா என்று மேலிடத்துக்குக் கடிதம் போட்டார், மேலிடம் நீளம் அகலம் கேட்டுப் பதில் போட்டது, அவர் அளவு நாடாவோடு போய் வணங்க மறந்து கால்வாயிலிருந்து திரும்பி வந்தார். திருவிழாவில் அம்மன் பல்லக்கு அந்தச் சந்தில் வந்தபோது, சுமந்தவர்கள் பல்லக்கோடு ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தார்கள்; அம்மனுக்கும் அதில் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் மேலாக, பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம், “பெண் பார்க்க வரும்போது மதகுச் சந்து வழியா வாங்க, அதுதான் குறுக்கு வழி” என்று சொல்லியனுப்பத் தொடங்கினார்கள். நனையாமல் வந்தவனுக்குக் காபி கிடைத்தது. அந்த மாதம் ஏழு மாப்பிள்ளைகள் நனைந்தார்கள்.

ஞாயிறு வந்த ரெபேக்கா, உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள்.

“முட்டி நல்லா ஏறியிருக்கு. விரலும் சரியா வளைஞ்சிருக்கு. ஆனா மடக்கலையேக்கா நீங்க” என்றாள். பத்து மதிப்பெண்ணுக்கு ஆறு கொடுத்தாள்.

தணிகாசலம் வணங்கவில்லை. அந்தச் சந்தில் யாருக்கும் தலை தாழ்த்துவதில்லை என்று அவன் நாள்தோறும் மூன்று கிலோமீட்டர் சுற்றினான். சுற்றச் சுற்ற அவன் கோபம் ஏறியது. மார்கழிக் கடைசியில் ஊராட்சித் தலைவர் வேதகிரியிடம் போய் நின்றான்: தை முதல் தேதி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது; செங்கமலம் எல்லார் முன்னிலையிலும் உதையை எடுத்துக்கொள்ள வேண்டும்; அவள் கால் பட்ட அவன் மார்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்; இரண்டும் நடந்தால் அட்டையில் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை. வேதகிரி நல்ல மனிதர். யாரும் வருத்தப்படக் கூடாது என்று நினைத்து, எப்போதும் எளியவரையே விட்டுக்கொடுக்கச் சொல்லும் நல்ல மனிதர்.

சனிக்கிழமை மாலை பெண்கள் செங்கமலத்தின் வாசலில் கூடினார்கள்.

“எடுக்காதடி” என்றாள் நூர்ஜகான். “எடுத்துட்டா மறுநாளே காலை நீட்டுவான்.”

“எடுக்கலைன்னா என் அட்டை போயிடும்.”

“நாங்க ஆளுக்கு ஒரு வேளை சோறு போட மாட்டோமா?”

“பதினோரு வருசம் என் கையால சாப்பிட்டேன் நூரு” என்றாள் செங்கமலம். உள்ளே படுத்திருந்த கணவன், “நீ எதைச் செஞ்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்” என்று குரல் கொடுத்தான். உதையை விட்டுவைத்தால் வேலை போகும். எடுத்துவிட்டால் நாற்பத்திரண்டு பேரின் வழி போகும். இந்த இரண்டுக்கும் நடுவே அவள் அன்று உலை வைத்தாள், அரிசி களைந்தாள். கஞ்சியை வடித்துக்கொண்டிருந்தபோது, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ரெபேக்கா சொன்ன சொல் நினைவுக்கு வந்தது: மடக்கி எடுத்தாத்தான் உங்களுக்குச் சொந்தம். செங்கமலம் பானையைக் கவிழ்த்தபடியே வெகுநேரம் நின்றாள். அப்போது அவளுக்கு ஒன்று விளங்கியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சந்தும் ஏரிக்கரையும் கொள்ளாத கூட்டம். தணிகாசலம் வெள்ளை வேட்டியில் மதகுக்கு அந்தப்பக்கம் நின்றான். சட்டைப் பையில் அவள் அட்டை. இந்தப்பக்கம் நாற்பத்தொரு பெண்களும் ரெபேக்காவும்.

செங்கமலம் வெள்ளைக் கச்சையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கரிச்சான் பறந்தது. வேப்பிலையையும் சாமந்தியையும் எடுத்துச் சுவர்மேல் வைத்தாள். வணங்கினாள். முழங்காலை உயர்த்தி, காற்றில் நின்ற தன் உதைக்குள் கையுறைக்குள் கை நுழைவதுபோல் காலை நீட்டினாள். “செத்” என்று ரெபேக்கா மெல்லச் சொன்னாள். மூன்று. செங்கமலம் மடக்கினாள். தொடைவரை ஒரு வெப்பம் ஏறி இடுப்பில் வந்து அமர்வதை உணர்ந்தாள். காலைத் தரையில் வைத்தாள். சந்து காலியாயிற்று. பெண்கள் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது.

“அப்படித்தான்” என்று வேதகிரி மனம் குளிர்ந்தார். “இப்போ அந்த ரெண்டாவதையும் செஞ்சிடும்மா. கால் பட்டா தொட்டு ஒத்திக்கிறது நம்ம வழக்கம்தானே. இதுல என்ன குறைச்சல்?”

“வழக்கம்தாங்கய்யா” என்றாள் செங்கமலம். “தெரியாம பட்டா ஒத்திக்கணும். நான் ஆயிரம் தடவை ஒத்திக்கிட்டிருக்கேன். இது தெரிஞ்சு பட்டதுங்கய்யா.”

“அல்லாவே” என்றாள் நூர்ஜகான்.

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. “இன்னா திமிரு! சந்து என்னோடதுடி இனிமே. நாளைக்கு வந்து நில்லு, பார்க்கலாம்.”

“வருவேன். நாளைக்கு ஆறேகாலுக்கு இங்க வருவேன். ஆறரைக்கு கேட்டுல இருப்பேன். சாயங்காலம் கடைத்தெருவுல இருப்பேன். இத்தனை நாள் அது இங்கயே நின்னுச்சுண்ணே. நீங்க சுத்திப் போனீங்க. இனிமே அது என் கூட வரும். எந்த வழியாச் சுத்துவீங்க?”

கேட்பவர்களே, அந்த நேரத்தில் தணிகாசலத்தின் முகத்தைக் கண்டவர்கள், தான் கேட்ட வரம் எது என்று அறிந்துகொண்ட மனிதனின் முகத்தைக் கண்டார்கள். பெண்களே, உங்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்: உங்கள் துணிவை ஒரு சந்திலோ ஒரு நாளிலோ விட்டுவிட்டு வராதீர்கள். அதற்கு மாலை போடுவார்கள், துண்டு காயப்போடுவார்கள், பிறகு அதைச் சுற்றிப் போகப் பழகிக்கொள்வார்கள். மடக்கி எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கமலம் அவனை நோக்கி நான்கு அடி வைத்தாள். உதைக்கும் தூரத்தில் நின்றாள். நிமிர்ந்தாள். கைகளைப் பக்கத்தில் வைத்தாள்.

“நான் குனிவேன்” என்றாள். “நீங்களும் குனியணும். அதே நேரத்துல, அதே அளவு. அதுதான் முறை.”

அவள் குனியாமல் காத்திருந்தாள். தணிகாசலம் வேதகிரியைப் பார்த்தான். அவர் ஏரியைப் பார்த்தார். பின்னால் பார்த்தான், முனிரத்தினம் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். வலப்பக்கம் மதில், இடப்பக்கம் தண்ணீர். “அடுப்புல சோறு இருக்குது, சீக்கிரம்” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவன் கைகள் மெல்லத் தொடையோரம் இறங்கின. ரெபேக்கா கொரிய மொழியில் ஒரு சொல் சொல்ல, ஐம்பது ஆண்டுகளாகக் குனியாத ஒரு முதுகும், முப்பத்தெட்டு ஆண்டுகளாக நிமிராத ஒரு முதுகும், ஒரே நேரத்தில், ஒரே அளவில் குனிந்து எழுந்தன.

அவன் அட்டையை எடுத்து அங்கேயே கையெழுத்திட்டு ஒரு கையால் நீட்டினான். அவள் வாங்கவில்லை. இரண்டாவது கையும் வந்து சேர்ந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தணிகாசலம் பழைய இடத்தில்தான் வந்து உட்கார்ந்தான். பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது. பழக்கத்திலேயே கால்களையும் நீட்டினான். ஆறேகாலுக்குப் பனிக்குள்ளிருந்து காலடிச் சத்தம் வந்தது. முதலில் வந்தவள் செங்கமலம். அவளுக்குப் பின்னே நாற்பத்தொருவர். சோற்றுப் பைகள், கண்ணாடி வளையல்கள், யாரோ நேற்றைய பப்ஸைப் பற்றிக் குறைசொல்லும் குரல். ஒருத்தியும் நடையைக் குறைக்கவில்லை. ஒருத்தியும் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. அவர்கள் மதகை எட்டுவதற்குப் பத்தடி முன்பாகவே, தணிகாசலம் இரண்டு கால்களையும் மடக்கி, சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.